ஷிப்ட் பார்த்து மணி அடிக்கும் கோயில்கள்

சுங்குவார்சத்திரத்தைத் தாண்டி நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் ஏரிக்கரையை ஒட்டி ஒரு சின்ன ஊர். அங்கே சி.எஸ்.ஐ. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை முதல் மணி விடியற்காலை நாலரைக்கு அடிக்கிறது. ஐந்து மணிக்கு ஆராதனை தொடங்கியாக வேண்டும். ஆறேகாலுக்கு முதல் ஷிப்ட்டுக்கான கம்பெனி பஸ் ஊர் முனையில் வந்து நிற்கும். அதற்குள் பாட்டு, பாவ அறிக்கை, வேத வாசிப்பு, பிரசங்கம், காணிக்கை, திருவிருந்து எல்லாம் முடிய வேண்டும். முன்பெல்லாம் இதே கோயிலில் ஒன்பது மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டு வரை போகுமாம். மாட்டைக் கட்டிவிட்டு, கூழைக் குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு என்ன அவசரம்?

நான் கூடப் போனது ஓய்வு பெற்ற ஆயர் ஒருவரோடு. சென்னைப் பேராயத்தின் பல குருசேகரங்களில் ஊழியம் பார்த்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர். உட்கார்ந்தவர் என்பது பேச்சுக்குத்தான். ஒரு குருசேகரத்துக்கு ஓர் ஆயர். அவர் பொறுப்பில் தாய்க்கோயிலோடு பல கிராமக் கோயில்கள். வாராவாரம் உபதேசியார் ஜெபம் நடத்திவிடலாம். ஆனால் அப்பத்தையும் இரசத்தையும் ஆசீர்வதித்துக் கொடுக்க குருப்பட்டம் பெற்றவர்தான் வேண்டும். ஒரே ஞாயிற்றில் ஒரு மனிதர் எத்தனை பீடத்தின் முன்னால் நிற்பார்? அதனால் பென்ஷன் வாங்குகிறவர்களுக்குப் போன் வருகிறது. "வேலையில இருந்தப்ப ஒரு சபைக்குத்தான் பதில் சொல்லணும். இப்ப எல்லாச் சபையும் என்னைக் கேக்குது" என்றார். குறையாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

நாங்கள் கிளம்பும்போது ஸ்ரீபெரும்புதூரில் டீக்கடைகள் மட்டுமே விழித்திருந்தன. ஆதிகேசவப் பெருமாள் கோயில் கோபுரம் இருட்டில் கனமாக நின்றது. இராமானுசர் பிறந்த ஊர் இது. 1017 என்பது மரபுக் கணக்கு. 2017இல் ஆயிரமாவது ஆண்டைப் பெரிதாகக் கொண்டாடினார்கள். இங்கே இருக்கும் அவருடைய திருமேனியை அவரே உவந்து தழுவிக்கொண்டார் என்பது வைணவர்களின் நம்பிக்கை. அதனால் தானுகந்த திருமேனி என்கிறார்கள். ஆயருக்கு இராமானுசர் வேற்றாள் கிடையாது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்த காலத்தில் ஏ. ஜே. அப்பாசாமியின் புத்தகங்கள் வழியாக வந்து சேர்ந்தவர். பின்னாளில் கோவைப் பேராயராக இருந்த அப்பாசாமி, 1920களிலேயே கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கியவர். கடவுளுக்கும் உலகுக்கும் உள்ள உறவைப் பேச இராமானுசரின் உயிர்–உடல் கருத்தைத் துணைக்கு அழைத்தவர். "எங்க ஊர்க்காரரை எங்களுக்கு அறிமுகப்படுத்த ஒரு திருநெல்வேலிக்காரர் வேண்டியிருந்தது" என்று ஆயர் சிரித்தார்.

ராஜீவ் காந்தி நினைவிடத்தைக் கடந்தபோது சிரிக்கவில்லை. அவர் இங்கே கொல்லப்பட்ட 1991 மே 21 இரவு இந்த ஊரின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்கு மறுநாள் காலை இந்தச் சாலையில் ஒரு சைக்கிள்கூட ஓடவில்லை என்று மட்டும் சொன்னார்.

கிராமக் கோயிலில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். பாதிப்பேர் கம்பெனிச் சட்டை. பெண்கள் சுடிதாரின் மேலே துப்பட்டாவை முக்காடாகப் போட்டு, பக்கத்தில் டிபன் பையை வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை. திருவிருந்துக்கு முழங்காலிடும்போது ஒரு காரியத்தைக் கவனித்தேன். பீடத்தின் முன்னால் வந்ததும் ஒவ்வொருவரும் அந்த அட்டையை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். யாராவது சொல்லிக் கொடுத்த மரியாதையா என்று பிறகு ஆயரிடம் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. கிண்ணத்தைக் குனிஞ்சு குடிக்கும்போது அட்டை ஊசலாடி கிண்ணத்துல அடிக்கும். ஒருதடவை ரசம் கொட்டிப்போச்சு, அதிலேருந்து இப்படி" என்றார். வெள்ளிக் கிண்ணத்தின் விளிம்பில் சின்னதாக ஒரு நெளிவு. அதைப் பெருவிரலால் தடவிக் காட்டினார்.

ஆராதனை நடுவே சமாதான வாழ்த்து கைமாறும் இடம் ஒன்று உண்டு. ஆயர் தன் இரு உள்ளங்கைகளையும் சேர்த்து முன்வரிசைக்காரரின் கைகளுக்குள் வைக்க, அவர் அடுத்தவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று கடைசிப் பாய் வரைக்கும் போகும். சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை என்ற மூன்று மரபுகளை இணைத்துப் பிறந்தபோது, எல்லாருக்கும் பொதுவான திருவிருந்து முறை ஒன்று தேவைப்பட்டது. 1950இல் அது தயாரானது. அதில் கேரளத்துச் சிரியன் சபைகளின் வழக்கத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டது இந்தக் கைமாற்று. தொடுவதையே தீட்டாக்கி வைத்திருந்த ஒரு நாட்டில், ஒரு முறைநூல் எல்லார் கையையும் எல்லார் கைக்குள்ளும் வைக்கச் சொல்லியது சின்ன விஷயமில்லை. அன்று காலை அது பின்வரிசைக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு பெண் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தாள். ஆறாக ஏழு நிமிடம் இருந்தது. ஆசீர்வாதம் சொல்லும்போதே வெளியே ஹாரன் கேட்டது. ஆயர் கடைசி வரியைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னார். சபை ஆமென் சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடியது.

அங்கிருந்து வல்லம் வடகால். காலை ஏழு மணிக்கு சிப்காட் சாலையில் வெள்ளை பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நைட் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டுப் போகின்றன. ஜன்னல் கண்ணாடியில் தலைசாய்த்துத் தூங்குகிற முகங்கள். இங்கேதான் பெண் தொழிலாளர்களுக்காக சிப்காட் கட்டிய பெரிய விடுதி இருக்கிறது: பதின்மூன்று அடுக்குமாடித் தொகுதிகள், 18,720 படுக்கைகள், 706 கோடி ரூபாய்ச் செலவு. 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் திறந்துவைத்தார். பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்களுக்கானது. இதன் பின்னால் ஒரு கதை உண்டு. 2021 டிசம்பரில் தனியார் விடுதி ஒன்றின் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூடவேலை செய்தவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். விடிய விடிய மறியல். உலகத்தின் பெரிய செல்போன் கம்பெனி தன் சப்ளையரைக் கண்காணிப்பில் வைக்க வேண்டியிருந்தது. ஆலை ஜனவரி வரை மூடிக் கிடந்தது. அதற்கு முன்பு இந்தப் பெண்கள் எங்கே தூங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

விடுதிக்குள் ஆண்கள் போக முடியாது; ஆயரும் ஆண்தானே. எதிர்ப்பக்க டீக்கடையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தூத்துக்குடி, நாசரேத், மார்த்தாண்டம் பக்கத்துப் பெண்பிள்ளைகள் நாலைந்து பேர் வந்தார்கள். ஊரில் இருக்கிற ஆயர் இந்த ஆயருக்குப் போன் போட்டு, "எங்க சபைப் பிள்ளை, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பிய கூட்டம். தெற்கத்திப் பிள்ளைகளின் பேச்சு அந்தக் கடைக்கே புதுசாக இருந்தது. ஒருத்திக்குத் தம்பியின் காலேஜ் பீஸ் கவலை. ஒருத்திக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், பிடிக்கவில்லை. ஆயர் ஒருவருக்கும் புத்தி சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார், பெயரும் ஊரும் எழுதிக்கொண்டார், நின்றபடியே ஒரு நிமிடம் ஜெபம் செய்தார். டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்து, ரேடியோவை நிறுத்தி, ஜெபம் முடிந்ததும் மறுபடி போட்டார். அவர் நெற்றியில் பட்டை விபூதி.

ஒரகடம் போகும் வழியில் வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஏழடி உயரச் சுப்பிரமணியர். அருணகிரிநாதர் இந்தத் தலத்தைக் கோடைநகர் என்று பாடியிருக்கிறார். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறக் காத்திருக்கும் புது பைக்குகள் வரிசையாக நின்றன. பாதி வண்டிகள் ராயல் என்ஃபீல்டு. அவை பிறந்த ஆலைகளும் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான்: ஒரகடத்தில் 2013இல் ஒன்று, வல்லம் வடகாலில் 2017இல் இன்னொன்று. தான் பூட்டிய வண்டியைத் தானே கடன் போட்டு வாங்கி, பூஜைக்குக் கொண்டுவந்து நிறுத்தும் பையன்களும் அந்த வரிசையில் இருப்பார்கள்.

ஒரகடத்தை முதலில் பார்க்கிறவர்களுக்கு ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆறுவழிச் சாலைகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் பெரிய சந்திப்பு, மேம்பாலம், கன்டெய்னர் லாரிகள், நாற்புறமும் மதில். ரெனோ–நிசான் 2010இல் வந்தது, டெய்ம்லரின் பாரத்பென்ஸ் 2012இல். இதெல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் போட்டது. 1998இல் முதல் சான்ட்ரோ அங்கிருந்து வெளியே வந்தது. இத்தனை மதில்களுக்கு நடுவே ஏரிகள் இருக்கின்றன. இது ஏரி மாவட்டம். கார்த்திகை மாதத்தில் எல்லாம் தளும்பி நிற்கின்றன. பாயத்தான் வயல் குறைந்துவிட்டது. சாலையை விட்டு உள்ளே திரும்பியதும், ஒரு கம்பெனி மதிலுக்கும் ஏரிக்கரைக்கும் இடையே நாங்கள் தேடி வந்த தெரு. அதன் கோடியில் ஓட்டுக்கூரைக் கோயில், வாசலில் வாழைமரம், தென்னங்குருத்துத் தோரணம். அன்று அறுப்பின் பண்டிகை.

முதல் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விட்டு, வருகிற பணத்தைச் சபைக் கணக்கில் சேர்ப்பது வழக்கம். நெற்கதிர்க் கட்டு, பூசணிக்காய், கருணைக்கிழங்கு, சேவல், முட்டை, ஒரு கன்றுக்குட்டி. அதுதான் பழைய பட்டியல். அன்று பீடத்துக்கு முன்னால் இருந்ததைச் சொல்கிறேன். இரண்டு பிரஷர் குக்கர், பெட்டி பிரிக்காத சுவர்க்கடிகாரம், தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்த இனிப்புப் பெட்டிகள் பத்துப் பன்னிரண்டு, பயணப்பை ஒன்று, எவர்சில்வர் தண்ணீர் பாட்டில்கள், சேவல் இரண்டு, பூசணி, முருங்கைக்காய், கோயில் காம்பவுண்டிலேயே காய்த்த கொய்யா. நெற்கதிர் ஒரே ஒரு கட்டு. அது இந்த ஊரில் விளைந்ததில்லை. வாலாஜாபாத் பக்கம் சம்பந்தி வீட்டிலிருந்து வந்தது. அறுப்பின் பண்டிகையில் கதிர் இல்லாமல் எப்படி என்று ஒரு பாட்டி அடம்பிடித்து வரவழைத்தாளாம்.

ஆராதனை எட்டரைக்குத்தான். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் குளித்துவிட்டு வர வேண்டுமே. பிரசங்கத்தின்போது பின்பக்கச் சுவரோரம் நாலு பேர் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். ஆயர் அவர்களைப் பார்த்தார், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். பல பிரசங்கியார்களுக்கு இது வராது.

கடைசி பெஞ்சில் ஜார்க்கண்ட் பையன்கள் ஆறு பேர். ராஞ்சிப் பக்கம் கோஸ்னர் மிஷன் 1845இலேயே கால் வைத்த இடம். ஐந்தாறு தலைமுறைக் கிறிஸ்தவர்கள் அங்கே உண்டு. இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டு புரியாது, ராகத்தைப் பிடித்துக்கொண்டு முணுமுணுக்கிறார்கள். ஆயரின் நோட்டில் கர்த்தருடைய ஜெபம் இந்தியில், ஆனால் தமிழ் எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. க, ச, த மேலே சின்னச் சின்ன எண்கள் போட்டு ஒலி பிரித்திருந்தார். அவர் அதைப் படிக்க ஆரம்பித்ததும் அந்த ஆறு பேரும் நிமிர்ந்து சேர்ந்துகொண்டார்கள். உச்சரிப்பில் எங்கேயோ தவறியிருக்க வேண்டும், ஒருவன் சிரிப்பை அடக்கினான். ஆயரும்.

ஏலத்தை நடத்தியவர் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராம். அந்தக் குரல் கோயிலுக்கும் உதவியது. பிரஷர் குக்கர் கடை விலைக்கு மேலே போனது. கொய்யாப்பழக் கூடையை மூன்று வீட்டார் வீம்புக்கு ஏற்றி ஏற்றி இரண்டாயிரத்துக்குக் கொண்டுபோனார்கள். நெற்கதிர்க் கட்டை மட்டும் யாரும் பேரம் ஏற்றவில்லை. பாட்டியே ஐந்நூறு ரூபாய் சொன்னாள். சூப்பர்வைசர் "ஒருதரம், ரெண்டுதரம்" கூடச் சொல்லாமல் அவள் கையில் கொடுத்துவிட்டார். அதை அவள் வீட்டு நிலைப்படிக்கு மேலே கட்டித் தொங்கவிடுவாளாம், குருவி தின்ன.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டு என்று ஓர் ஊர். 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே குழி தோண்டியது. பல்லாயிரம் ஆண்டுப் பழமையான கற்கருவிகள் வந்தன. மேலடுக்கில் ரோமானியர்களின் மதுச்சாடி ஓடுகளும் வந்தன. இதைச் சொன்னதும் ஆயர், "அப்ப எங்களுக்கு முன்னாடியே இந்த ஊருக்குத் திராட்சரசம் வந்தாச்சு" என்றார். இந்தப் பகுதி பொட்டல் காடாக இருந்து தொழிற்சாலை வந்த பிறகு ஊரானது என்று பேசுகிறவர்கள் அந்தக் குழிகளை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

விருந்துப் படலம் இனிமேல்தான். கோயிலில் பிரியாணி. அங்கே இரண்டு வாய். அடுத்து ஒரகடம் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஆயரின் அண்ணன் மகள். பதினெட்டு வயதில் நோக்கியாவில் சேர்ந்தவள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2006இல் தொடங்கியது. உச்சத்தில் எட்டாயிரம் பேர்போல நேரடியாக வேலை செய்தார்கள். 2014 நவம்பர் முதல் தேதியோடு உற்பத்தி நின்றது. நோக்கியா பணத்தில் தம்பியைப் படிக்கவைத்து, தன் கல்யாணத்தையும் நடத்திக்கொண்டவள் இப்போது வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். தையல் மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில், நோக்கியாவில் ஏதோ ஒரு மாதம் சிறந்த தொழிலாளி என்று கொடுத்த சான்றிதழ் சட்டமிட்டு மாட்டியிருக்கிறது. "சித்தப்பா, காபியாவது குடிங்க" என்றாள். சர்க்கரை இல்லாமல் என்று இவர் சொல்வதற்குள் சர்க்கரையோடு வந்துவிட்டது. அவள் கணவர் 2024இல் சாம்சங் தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தப் பந்தல் போட்டு உட்கார்ந்தபோது அங்கே கூடப் போய் உட்கார்ந்தவர். சங்கத்துக்குப் பதிவு கிடைத்தது என்பதை அவர் சொன்ன விதத்தில் தன் வீட்டுக் குழந்தைக்குப் பெயர் வைத்த பெருமை இருந்தது.

அடுத்து பண்ருட்டி. கடலூர்ப் பண்ருட்டி இல்லை, ஒரகடத்தை அடுத்த சிற்றூர். ஆயரின் தங்கை வாக்கப்பட்ட வீடு. "இன்னாண்ணா, எல்லார் வூட்லயும் துன்னுட்டு இங்க வந்து வவுறு ரொம்பிப்போச்சுன்னு சொல்லப்போறியா?" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். ஆயருக்கு மறுக்க வழியில்லை. இந்த வீட்டில் தங்கை கிறிஸ்தவர். மருமகள் வீட்டார் வல்லக்கோட்டை முருகனுக்குக் காவடி எடுக்கிறவர்கள். கூடத்தில் இயேசு படமும் முருகன் காலண்டரும் எதிரெதிர்ச் சுவரில். இந்தப் பக்கத்துச் சேரிக் குடும்பங்களில் இது சாதாரணம். ஒரே பந்தியில் இரண்டு சாமிக்கும் ஆள் இருப்பார்கள். வெளியூர்க்காரர்கள்தான் இதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள், அல்லது கோபப்படுகிறார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு நிலத்துக்குப் போனது. இங்கே எந்தப் பேச்சும் நிலத்துக்குத்தான் போகும். தங்கை வீட்டுக்காரரின் தாத்தாவுக்கு ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் இருந்ததாம். எப்போது, யாரிடம், எவ்வளவுக்குப் போனது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இப்போது அங்கே ஒரு கோடவுன். அது பஞ்சமி நிலமா என்று கேட்டேன். "எல்லாம் அதாங்க" என்றார் அவர்.

பஞ்சமி நிலத்தின் கதை பிறந்ததே இந்த மண்ணில்தான். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் மிராசுதார் அதையும் பிடுங்கிவிடுவார் என்று விளக்கினார். 1892இல் 1010 என்ற எண்ணுள்ள அரசாணை வந்தது. தரிசு நிலங்களை இவர்களுக்கு ஒதுக்கலாம், பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் தங்கள் மக்களுக்குள்ளேதான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அறிக்கைக்கு முன்னும் பின்னும் மனு மேல் மனு போட்டுத் தொந்தரவு கொடுத்தவர்களில் இரண்டு மிஷனரிகள் உண்டு: செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச்சின் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர் பக்கம் ஈக்காட்டில் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியதும் இதே காலம். வெள்ளைக்கார மிஷனரிகளின் கருணை மட்டுமே இதைச் சாதித்தது என்று சில சபை வரலாறுகள் எழுதுகின்றன. அதை நான் ஏற்கமாட்டேன். கூலியை மறுத்து, கோர்ட்டு ஏறி, அடி வாங்கி நின்றவர்கள் இந்த ஊர்க்காரர்கள். மனு எழுதத்தான் மிஷனரி.

நூறு வருஷம் கழித்து, 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்ட கூட்டத்தின்மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அந்த வாரம் தன் குருசேகரத்தில் எல்லாக் கோயிலிலும் மணி அடிக்கச் சொன்னதை ஆயர் சொன்னார். "ஒரு கமிட்டி மெம்பர் கேட்டார், செத்தவர் ரெண்டு பேர்ல ஒருத்தர் நம்ம சபை இல்லையே, எதுக்கு மணின்னு." அதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்றேன். "ரெண்டு தரம் அடிக்கச் சொன்னேன்."

சாயங்காலம் சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் மெல்ரோசாபுரம். பெயரில் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆடம் ஆண்ட்ரூ 1890களில் நிலமில்லாத கிறிஸ்தவக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய ஊர். கிணறு, வீடு, விவசாயம் என்று புதிதாகத் தொடங்கிய வாழ்க்கை. இன்று சுற்றிலும் மறைமலை நகர் ஆலைகள், அந்தப் பக்கம் மகிந்திரா சிட்டி. ஊரில் ஃபோர்டில் வேலை பார்த்தவர்கள் உண்டு. 2022இல் அந்த ஆலை நின்றபோது இங்கே பல வீட்டு அடுப்பு அதைக் கேட்டது.

முதலில் படுக்கையில் இருக்கும் ஒரு முதியவருக்குத் திருவிருந்து. ஆயர் தோல்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். உள்ளே வெல்வெட் பள்ளத்தில் விரல் நீளப் பாட்டில், கட்டைவிரல் அளவுக் கிண்ணம், அப்பத்துக்கு ஒரு டப்பி. பட்டம் பெற்ற வருஷம் அவருடைய அம்மா காதுக்கம்மலை விற்று வாங்கிக் கொடுத்ததாம். முதியவரால் விழுங்க முடியவில்லை. அப்பத்தைக் கிண்ணத்தில் நனைத்து, உதட்டில் தொட்டுவிட்டார். பிறகு அரைமணி நேரம் அவர்கள் இருவரும் 1978 வெள்ளத்தில் செத்துப்போன ஒரு எருமையைப் பற்றிப் பேசினார்கள்.

கடைசியாகப் போன வீட்டில் கல்யாணப் பேச்சு. ஆயரின் தம்பி பேரன்தான் மாப்பிள்ளை, ஒரகடத்தில் டயர் கம்பெனி. பெண் சுங்குவார்சத்திரத்தில் எலக்ட்ரானிக்ஸ். இவனுக்கு வாரவிடுமுறை ஞாயிறு. அவளுக்கு மாறி மாறி வரும். சாயந்திரம் ஏழரைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று பையனின் அப்பா கேட்டார். முதல் ஷிப்ட்டும் நைட் ஷிப்ட்டும் வரலாமே. ஆயர் தலையை ஆட்டினார். 1872இல் வெள்ளைக்காரன் போட்ட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஏழு மணிவரைதான் கல்யாணம் நடத்தலாம் என்கிறது. பொழுது சாய்ந்த பிறகு திருட்டுக் கல்யாணம் நடக்கக்கூடாது என்ற அந்தக் காலத்து எண்ணம்.

பெண்ணுக்கு வரும் தை மாதம் திங்கள்கிழமை விடுமுறையாம். திங்கள் சாயந்திரம் நாலு மணி என்று முடிவானது. முதல் ஷிப்ட்காரர்கள் யூனிபார்மோடு நேரே கோயிலுக்கு வந்துவிடலாம். நைட் ஷிப்ட் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். செகண்ட் ஷிப்ட்காரர்களுக்கு மறுநாள் பார்சல்.

அடுத்து ஓலை. கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு கோயிலில் இருவர் பெயரையும் வாசித்து, தடை சொல்பவர் உண்டா என்று கேட்க வேண்டும். ஆயர் நோட்டை விரித்துப் பெயர் கேட்டார். பையனின் அப்பா ஒரு பெயர் சொன்னார், அம்மா ஒரு பெயர் சொன்னார். ஞானஸ்நானப் பதிவேட்டில் வேதாகமப் பெயர். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் கம்பெனி அட்டையிலும் தாத்தாவின் குலசாமிப் பெயர்.

இதற்கும் ஒரு சட்டம் காரணம். 1950இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராகிவிட்டால் பட்டியல் சாதி இல்லை; தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். அந்த ஆணை சீக்கியரை 1956லும் பௌத்தரை 1990லும் சேர்த்துக்கொண்டது, இவர்களை இல்லை. சாதி கிறிஸ்தவரானதும் போய்விட்டது என்று காகிதம் சொல்கிறது. தெரு அப்படிச் சொல்வதில்லை. அதனால் இந்த வட்டாரத்தில் பல வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிறக்கும்போதே இரண்டு பெயர். அதைப் பொய் என்று பிரசங்கத்தில் திட்டுகிற ஆயர்களும் உண்டு. இவர் அந்தக் கட்சியில் சேரவில்லை. வேலையில் இருந்த காலத்தில் பதிவேட்டை எடுத்துக் காட்டச் சொல்லி வந்த ஒரு அதிகாரியிடம், அலமாரிச் சாவி ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பியவர்.

"எந்தப் பேரை வாசிக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அதுவரை போனில் இருந்த மாப்பிள்ளை தலையைத் தூக்கினான். "தாத்தா, அவளுக்கு ஆபீஸ் பேருதான் தெரியும். கோயில் பேரைச் சொன்னா அவங்க வீட்ல யாரோன்னு நினைச்சுக்குவாங்க."

"அப்ப தடை இருக்கான்னு கேட்டா நம்ம ஊர்லயே எவனாவது எழுந்து நிப்பான், யார்றா இவன்னு" என்றார் அப்பா.

ஆயர் இரண்டு பெயரையும் எழுதி, நடுவில் 'என்கிற' போட்டார். பெண்ணுக்கு எத்தனை பெயர் என்று கேட்க மாப்பிள்ளை போனைக் காதில் வைத்தான். அவள் கம்பெனி லைனில் வேலையில் இருந்தாள், எடுக்கவில்லை. பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றான். "பத்து மணிக்கு நான் முழிச்சிருக்க மாட்டேன். மெசேஜ் போடு. நாலு மணிக்கு எழுந்ததும் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஆயர் செருப்பை மாட்டினார். சமையல்கட்டிலிருந்து அம்மா ஓடிவந்து, தோசை ஊற்றியாகிவிட்டது என்றார்.